வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வழி இருக்கிறதா?

கரூரில் என் பெரியம்மா மகளின் புகுந்த வீடு. அன்று ஏழெட்டுப் பேர் கூடியிருந்தோம். அக்காவுக்கு 33 வயது. மூன்று வருடத்துக்கு முன்னால் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், உயிரைக் காப்பாற்றக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாகிவிட்டது. குழந்தையும் இரண்டாம் நாளே போய்விட்டது. சினைப்பைகள் நன்றாக இருக்கின்றன, சினைமுட்டை எடுத்துக் கரு உருவாக்கலாம், சுமக்கத்தான் ஒருவர் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பேசத்தான் எல்லோரும் வந்திருந்தோம்.

அக்காவின் மாமியார் சுற்றி வளைக்கவில்லை. "வெளியில எதுக்கு ஆள் தேடணும்? நம்ம சின்னவ இருக்காளே" என்றார். சின்னவள் என்றால் அக்காவின் ஓரகத்தி. 28 வயது, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன். அவள் சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் "சரிங்க அத்தை" என்றாள். மறுபடியும் ஆய ஆரம்பித்தாள். ஆனால் நல்ல இலையையும் தண்டோடு சேர்த்துக் குப்பைப் பக்கம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் "சரி" எனக்குள் தங்கிவிட்டது. சுமக்க முடியாத ஒரு பெண்ணுக்கு இன்று இருக்கிற வழிகளை அப்புறம் ஒவ்வொன்றாக விசாரித்தேன். செலவு எவ்வளவு, எத்தனை சதவீதம் பலிக்கும் என்பதெல்லாம் மருத்துவமனையிலேயே சொல்லிவிடுவார்கள். நான் தேடியது வேறு. ஒவ்வொரு வழியிலும் யாரோ ஒரு பெண்ணின் உடம்பு இருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால் அவளுக்கு என்ன ஆகும்? எந்த நாள் வரைக்கும் அவளால் அப்படிச் சொல்ல முடியும்?

முதலில் சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி, அதாவது காசு வாங்காமல் சுமப்பது. வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2021ல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருக்கிறது. தம்பதி இந்தியர்களாக இருக்க வேண்டும். மனைவிக்கு 23 முதல் 50, கணவருக்கு 26 முதல் 55 வயது. சில விதிவிலக்குகள் தவிர, உயிரோடு வேறு குழந்தை இருக்கக் கூடாது. மருத்துவக் காரணத்துக்குச் சான்றிதழ் வேண்டும். கணவரை இழந்த அல்லது விவாகரத்தான பெண்ணும் 35 முதல் 45 வயதுக்குள் இந்த வழியில் போகலாம். சுமப்பவருக்கு 25 முதல் 35 வயது இருக்க வேண்டும், திருமணமாகிச் சொந்தமாக ஒரு குழந்தை பெற்றிருக்க வேண்டும், வாழ்நாளில் ஒருமுறைதான் சுமக்கலாம். அவருடைய சினைமுட்டையைப் பயன்படுத்தக் கூடாது. மருத்துவச் செலவும் 36 மாதக் காப்பீடும் உண்டு. அதற்கு மேல் ஊதியமாக ஒரு ரூபாய் கொடுத்தாலும் குற்றம்.

சுமப்பவர் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. பழைய மசோதாக்களில் "நெருங்கிய உறவினர்" என்று இருந்தது. மாநிலங்களவைத் தேர்வுக் குழு அதை மாற்றி "விருப்பமுள்ள பெண்" என்று ஆக்கியது. ஆனால் பத்து மாதம் சுமந்து, வயிற்றைக் கிழித்துப் பெற்று, சும்மா கொடுத்துவிட்டுப் போக எந்த அந்நியப் பெண் வருவாள்? எழுத்தில் உறவு போய்விட்டது, நடைமுறையில் வீட்டுப் பெண்கள்தான் மிஞ்சுகிறார்கள். இதை முன்கூட்டியே சொன்னவர்களும் உண்டு. 2017ல் நாடாளுமன்றச் சுகாதார நிலைக்குழு, நெருங்கிய உறவினர் சுமப்பது என்றால் அது கட்டாயத்தால் நடக்குமே தவிர தியாகத்தால் நடக்காது என்று எழுதியது. சுமப்பவருக்கு ஈட்டுத்தொகை கொடுங்கள் என்றும் பரிந்துரைத்தது. அது ஏற்கப்படவில்லை.

உறுப்பு தானத்தில் இதைப் பல காலமாகப் பார்த்துவருகிறோம். சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்றே பேர் விழுந்தது. 1994ல் விற்பனையைத் தடைசெய்து சட்டம் வந்தது. பொதுவாக நெருங்கிய உறவினர்தான் தரலாம் என்றார்கள். இன்று இந்தியாவில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் மனைவிகளும் அம்மாக்களும்தான். பாசம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பாசத்தை யார் யாரிடம் எதிர்பார்க்கிறார்கள் என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

சரி, சின்னவள் சுமக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்க ஹார்மோன் மாத்திரைகள். கருவை வைத்த பிறகும் பல வாரங்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன். பல இடங்களில் அதை எண்ணெயில் கலந்த ஊசியாக இடுப்பில் தினமும் போடுகிறார்கள். போட்ட இடம் கல்லாகக் கட்டிக்கொள்ளும், ஒருக்களித்துப் படுக்க முடியாது. முதல் முறை தங்காவிட்டால் மறுபடி, மொத்தம் மூன்று முறை வரை முயலலாம் என்கிறது விதி. இன்னொருத்தியின் சினைமுட்டையில் உருவான கருவைச் சுமக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும் ஆபத்து சாதாரணக் கர்ப்பத்தைவிட அதிகம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு 2024ல் வெளியானது. தானாகக் கருத்தரித்தவர்களில் 2.3 சதவீதம் பேருக்குக் கடுமையான உடல்நலச் சிக்கல் வந்திருக்கிறது. பிறருக்காகச் சுமந்தவர்களில் அது 7.8 சதவீதம். "எப்படியும் ஒண்ணு பெத்தவதானே, அவளுக்கு என்ன" என்று கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு இந்த எண்ணைக் காட்ட வேண்டும்.

பிரசவத்தோடும் அது முடிவதில்லை. குழந்தையைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மூன்றாம் நாள் பால் சுரக்கும். மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் அடிக்கும். பால் வற்ற மாத்திரை கொடுப்பார்கள். நம் பக்கத்தில் அதற்கு இன்னொரு வழியும் உண்டு. குழந்தை தவறிப்போனவளுக்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். அக்காவுக்கு அப்படித்தான் கட்டினோம். அந்த அறை முழுக்க இருந்த வாசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு வீட்டில் ஒருத்திக்குக் கட்டிய பூவை இன்னொருத்திக்கும் கட்ட வேண்டியிருக்கும் என்று அன்றைக்கு யாரும் யோசித்தே பார்க்கவில்லை. அதோடு, அந்தக் குழந்தை அடுத்த போர்ஷனில் வளரும். அவள் பையனோடு விளையாடும். அவளைச் சித்தி என்று கூப்பிடும்.

வேண்டாம் என்று அவள் எதுவரை சொல்லலாம்? கரு உள்ளே வைக்கப்படும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது சட்டம். அதற்குப் பிறகு கலைப்பதென்றால் அவள் சம்மதம் மட்டும் போதாது, உரிய அதிகாரியின் அனுமதியும் வேண்டும். குழந்தை யாருடையது என்பதற்கு மாஜிஸ்திரேட் உத்தரவை முன்னதாகவே வாங்கிவிடுவார்கள். கதவு சீக்கிரமே மூடிவிடுகிறது. திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நாளிலும் வாசலில் மாமியார் நிற்கிறார்.

மனமுவந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 2004ல் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு தாய் தன் மகளுக்காகச் சுமந்து இரட்டைக் குழந்தைகளைப் பெற்றுக் கொடுத்தார். இன்றைய சட்டப்படி அது நடக்காது, ஏனென்றால் 35 வயதைத் தாண்டிய எந்தத் தாயும் சுமக்க முடியாது. மகளுக்காகத் தாய் முன்வருவதை நான் பெரும்பாலும் நம்புவேன். மருமகளிடம் மாமியார் கேட்டு வாங்கும் சம்மதத்தை நம்பத் தயங்குவேன். சட்டமோ முதலாவதை மூடிவிட்டு இரண்டாவதைத் திறந்து வைத்திருக்கிறது.

அடுத்தது காசு கொடுத்துச் சுமக்கச் சொல்வது. இந்தியாவில் இது இப்போது குற்றம். ஏற்பாடு செய்பவருக்கு 10 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. நாடிப் போகும் தம்பதிக்கு முதல் முறையே 5 ஆண்டு வரை. "பேப்பர்ல சொந்தக்காரின்னு போட்டுக்கலாம்" என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

தடை வருவதற்கு முன், பாலுக்குப் பேர்போன அதே ஆனந்த் நகரம் உலகத் தம்பதிகளெல்லாம் வந்து இறங்கும் இடமாக இருந்தது. சுமந்த பெண்ணுக்கு மூன்று நான்கு லட்சம் கிடைக்கும். கூலி வேலையில் அதைச் சேர்க்கப் பல வருடம் ஆகும். ஓட்டு வீட்டைக் காரை வீடாக்கியவர்கள், மகளைப் படிக்கவைத்தவர்கள் அதில் உண்டு. அவர்களைப் பார்த்து "கர்ப்பப்பையை விற்றார்கள்" என்று பேச எனக்கு வாய் வராது. ஆனால் பத்து மாதமும் விடுதியில் தங்க வேண்டும், ஊருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும், எத்தனை கரு வைப்பது, எப்போது சிசேரியன் என்பதெல்லாம் வேறு யாரோ முடிவு செய்வார்கள். 2008ல் ஒரு ஜப்பானியத் தம்பதி குழந்தை பிறப்பதற்குள் பிரிந்துவிட, பிறந்த பெண் குழந்தை எந்த நாட்டுக் கணக்கிலும் சேராமல் மாதக்கணக்கில் இங்கேயே நின்றது. 2012ல் அகமதாபாத்தில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இருந்த ஒரு பெண் இறந்தார். அறுவை செய்து குழந்தையைக் காப்பாற்றினார்கள். 2015 ஏப்ரலில் நேபாளத்தில் பூகம்பம் வந்தபோது, தன் நாட்டவருக்காக அங்கே சுமந்து பெறப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளை இஸ்ரேல் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனது. அவர்களைச் சுமந்தவர்களில் பலர் எல்லை தாண்டிப் போயிருந்த இந்தியப் பெண்கள். அவர்களுக்கு அந்த விமானத்தில் இடம் இல்லை.

இதையெல்லாம் படித்த பிறகும், காசுதான் பாவம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. டாக்டருக்கு ஃபீஸ் உண்டு, வக்கீலுக்கு உண்டு, லேபுக்கு உண்டு. சுமப்பவளுக்கு மட்டும் புண்ணியம். அவள் உடம்பு பட்ட பாட்டுக்கு, வேலைக்குப் போக முடியாத மாதங்களுக்கு ஒரு தொகை சேர்வது நியாயம் என்றே நினைக்கிறேன். அது ஏஜென்ட் கையில் இல்லாமல் அரசு மேற்பார்வையில் அவள் கணக்குக்கு நேராக வர வேண்டும். ஆனந்தில் தப்பாகிப்போனது அவள் சார்பாகப் பேச ஒருவர்கூட இல்லாததுதான். கடன்காரன் வாசலில் நிற்கும்போது ஒரு பெண் சொல்லும் "சரி"யும் கீரை ஆய்ந்துகொண்டே சொன்ன "சரி"யும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கின்றன.

மற்ற நாடுகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. பிரிட்டனில் ஊதியம் கிடையாது, நியாயமான செலவுத்தொகை உண்டு. பெற்றவள்தான் சட்டப்படி அம்மா. ஆறு வாரம் கழித்து அவள் சம்மதித்தால்தான் நீதிமன்றம் உரிமையை மாற்றும். கலிபோர்னியாவில் தலைகீழ்: ஊதியம் உண்டு, யார் பெற்றோராக நினைத்து ஏற்பாட்டைத் தொடங்கினார்களோ அவர்களே பெற்றோர் என்று 1993லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. இத்தாலி 2024ல், தன் குடிமக்கள் வெளிநாட்டுக்குப் போய்ச் செய்துகொண்டாலும் குற்றம் என்று சொல்லிவிட்டது. பெற்ற பிறகும் ஆறு வாரம் யோசிக்க இடம் கொடுக்கும் பிரிட்டன் ஏற்பாடு, தம்பதிக்கு நெருப்பின் மேல் நிற்பது போலத்தான் இருக்கும். இருந்தாலும் அதில்தான் சுமந்தவள் கடைசி வரை ஒரு மனுஷியாக நடத்தப்படுகிறாள் என்று எனக்குப் படுகிறது.

"வாடகைத் தாய்" என்ற சொல்லே என்னை உறுத்தும். வீட்டைக் காலி செய்வது போலப் பேச வைத்துவிடுகிறது. 2022 அக்டோபரில் ஒரு நட்சத்திரத் தம்பதிக்கு இந்த முறையில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது தமிழ்நாடே அதைப் பேசியது. அரசு குழு அமைத்து விசாரித்து, தம்பதி மேல் விதிமீறல் இல்லை என்றது. கல்யாணம் எப்போது, பதிவு எப்போது என்று அத்தனை தேதிகளை அலசினார்கள். சுமந்தவர் நலமாக இருக்கிறாரா என்று கேட்ட குரல் என் காதில் விழவே இல்லை.

மூன்றாவதாகக் கர்ப்பப்பை மாற்று அறுவை. 2014ல் சுவீடனில் இப்படிப் பொருத்திய கர்ப்பப்பையில் முதல் குழந்தை பிறந்தது. 2017ல் புனேயில் ஒரு தாயின் கர்ப்பப்பையை மகளுக்குப் பொருத்தினார்கள். 2018 அக்டோபரில் அந்த மகள் பெண் குழந்தை பெற்றாள். இதில் ஆபத்தின் பெரும்பங்கை, குழந்தை வேண்டும் என்கிறவளே தன் உடம்பில் ஏற்கிறாள் என்பது ஒரு நேர்மை. ஆனால் கொடுப்பவருக்கு மணிக்கணக்கில் நீளும் பெரிய அறுவை. வாங்கியவர் உடம்பு அந்த உறுப்பைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து தொடர்ந்து எடுக்க வேண்டும், பிரசவம் சிசேரியன்தான், ஒன்றிரண்டு குழந்தைக்குப் பிறகு அதையும் எடுத்துவிடுவார்கள். செய்யும் இடங்களும் மிகக் குறைவு. பெரியம்மாவுக்குச் சர்க்கரை. "என்னுதை எடுத்துக்குங்க" என்று அவர் சொன்னபோது அக்காவே வாயைப் பொத்திவிட்டாள்.

பிறகு தத்து. எங்கள் கூடத்தில் இது கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொல்லப்பட்டது. "நம்ம ரத்தமா இருக்குமா" என்று ஒருவர் இழுத்தார். எனக்கு இதுதான் முதலில் வந்திருக்க வேண்டியது.

இதிலும் பெற்றவள் ஒருத்தி இருக்கிறாள் என்பதை மறக்கக் கூடாது. குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள இளஞ்சிறார் நீதிச் சட்டம் இரண்டு மாத அவகாசம் கொடுக்கிறது. கவனித்தீர்களா? ஒப்படைத்த பிறகும் அறுபது நாள் அவளால் "வேண்டாம், என் பிள்ளையைக் கொடுங்கள்" என்று கேட்க முடியும். சுமக்கும் பெண்ணுக்குக் கரு வைப்பதோடு மூடும் கதவு, இங்கே பிரசவம் தாண்டியும் திறந்திருக்கிறது. இதற்காகவே சட்டப்படியான தத்தை நான் முதலில் வைப்பேன். சட்டப்படியான என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2019ல் ராசிபுரத்தில் குழந்தைகளுக்கு விலை பேசிய ஆடியோ வெளியானது பலருக்கும் நினைவிருக்கும். அந்தக் குறுக்கு வழியில் போனால் பெற்றவளின் அறுபது நாளும் போச்சு, குழந்தை யார் என்ற தடமும் போச்சு.

கஷ்டம் காத்திருப்பில் இருக்கிறது. மத்திய தத்தெடுப்பு ஆணையமான காரா மூலம் 2024-25ல் 4,515 குழந்தைகள் தத்துப் போனார்கள். அதற்கு முந்தைய சில வருடங்களைவிட இது அதிகம். பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோரோ முப்பதாயிரத்துக்கும் மேல். கைக்குழந்தை வேண்டும் என்றால் மூன்று வருடத்துக்கு மேலாகவே ஆகிறது. இரண்டு வயதுக்குள் குழந்தை வேண்டுமானால் கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. அக்காவுக்கும் மாமாவுக்கும் சேர்த்து 71. யோசித்துவிட்டு வருகிறோம் என்று வருடங்களைத் தள்ளாமல் முதலில் பதிந்துவிடுங்கள் என்று நான் சொன்னது அதனால்தான். மற்ற வழிகளைப் பற்றி அப்புறம் யோசிக்க அது தடையில்லை.

குழந்தை இல்லாமலே வாழ்வது என்பதும் ஒரு வழிதான். அதைத் தேர்ந்தெடுத்து நிம்மதியாக இருக்கும் இரண்டு தம்பதிகளை எனக்குத் தெரியும். ஆனால் வளைகாப்புக்கு அழைக்காமல் ஒதுக்குகிற ஊரில் அதைத் தேர்வு என்று சொல்ல அக்காவுக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அவளை அதில் நான் தள்ள மாட்டேன்.

அன்று மாலை சின்னவளைக் கடைக்கு என்று கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை அவள் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பையன் பொறந்தப்ப எனக்கு பிரஷர் ஏறி ஃபிட்ஸ் வந்துச்சில்ல. அஞ்சு நாள் ஐ.சி.யூ.ல இருந்தேன். அத்தைதான் ரசம் சாதம் கொண்டு வந்தாங்க" என்றாள். எனக்கு அது தெரியும். கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவளுக்கும் சொல்ல வாய் வரவில்லை.

சிறுநீரகம் கொடுக்கப் பயப்படும் உறவினரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி, மனமில்லை என்று தெரிந்தால் "உங்கள் உடம்பு இதற்கு ஒத்துவராது" என்று மட்டும் குடும்பத்தாரிடம் சொல்லி அனுப்பும் டாக்டர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்பதை அவள் வாயால் சொல்லவைக்காமல் தன் வாயால் சொல்கிறார்கள். இந்த முடிவில் நிற்கும் எந்தக் குடும்பமும் முதல் வேலையாக அந்தப் பெண்ணைத் தனியாக ஒரு டாக்டரிடம் அனுப்புங்கள், கூடவே போய் உட்காராதீர்கள். எங்கள் விஷயத்தில் டாக்டர் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்ததும், "இவரை வைத்து இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்" என்று மாமியாரிடமே சொல்லிவிட்டார். மாமியார் வீட்டுக்கு வந்து நெடுநேரம் பேசவில்லை. பிறகு சின்னவளுக்குத் தலைவாரிவிட்டாராம்.

காராவில் பதிந்து எட்டு மாதம் ஆகிறது. சமூகப் பணியாளர் வந்து வீட்டு ஆய்வை முடித்துவிட்டுப் போய்விட்டார். நேற்று ராத்திரி அக்கா போன் செய்தாள். இரண்டு வயதுக்குள் என்று கொடுத்திருப்பதை நான்கு வயது வரை என்று மாற்ற முடியுமா, அதற்கு எந்த இடத்தில் போய் மாற்ற வேண்டும் என்று கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.